ஊசி ரூம் அக்கா கொடுத்த ஏழு கோழிகள்

சாயங்காலம் ஆறேகால் மணிக்கு நான் முதலிபாளையத்தில் பனியன் கம்பெனிக்குள் நின்று யாரையாவது திட்டிக்கொண்டிருப்பேன். அதே நேரத்தில் அவிநாசிபாளையத்தில், என் வீட்டுக்குப் பின்னால், கோழிக்கூட்டின் கதவு தானாக இறங்கி மூடிக்கொள்ளும். தொடுவதற்கு அங்கே ஆள் கிடையாது. மூன்று வாரமாக இப்படித்தான் நடக்கிறது. முன்பெல்லாம் வெளிச்சம் மங்க ஆரம்பித்தாலே கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிடுவேன். இப்போது அப்பாடா என்று இருக்கிறது.

அந்த அப்பாடாவில் கதவு செய்தவர் ஞாபகத்துக்கு வருவதில்லை. ஊசி ரூம் அக்காதான் வருகிறார்.

அக்காவின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால், "ஏனுங்க அம்மணி, என்ற பேரெல்லாம் எதுக்குங்க போட்டுக்கிட்டு?" என்று கேட்பார். அதற்குப் பதில் சொல்லி முடிக்க எனக்குத் தெம்பு இல்லை. என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வழியும் தலை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் தொங்கும் ஒரு காந்தம். தாலிக்கொடியை மறந்தாலும் மறப்பார், அந்தக் காந்தத்தை மறக்க மாட்டார் என்று எங்கள் லைனில் கிண்டல் பேசுவோம்.

எங்கள் கம்பெனியில் தைக்கும்போது ஊசி உடைந்தால் புது ஊசி சும்மா கிடைக்காது. உடைந்த துண்டுகளையெல்லாம் பொறுக்கிக்கொண்டு ஊசி ரூமுக்குப் போக வேண்டும். அங்கே கம்பி வலைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருப்பார். துண்டுகளை ஒரு நோட்டில் முழு ஊசி மாதிரி வரிசையாக வைத்துப் பார்ப்பார். சரியாக இருந்தால் மேலே டேப் ஒட்டி, மெஷின் நம்பர் எழுதி, கையெழுத்து வாங்கிக்கொண்டு, "செரி, ஊசி வாங்கிக்குங்க" என்பார். ஒரு துண்டு குறைந்தாலும் மெஷின் நிற்கும். அதில் தைத்த துணியையெல்லாம் ஓரமாக ஒதுக்கிவிடுவார்கள். நாங்கள் தைப்பது கைக்குழந்தைகளின் உடுப்பு. காரணம் தெரியும், தெரிந்தும் எரிச்சலாகத்தான் இருக்கும். அவசரத்தில் நிற்கிறவளுக்கு எந்தக் காரணமும் இனிக்காது.

அதனால் நாங்கள் ஒரு திருட்டுத்தனம் செய்வோம். வெளிக்கடையில் ஊசி வாங்கி, உடைத்து, மொனைகளை மட்டும் தீப்பெட்டியில் போட்டு வைத்துக்கொள்வோம். நிஜ மொனை கிடைக்காத அன்று அதில் ஒன்றை எடுத்துக்கொண்டு போவோம். நான் ஓவர்லாக் மெஷினில் தைத்துக்கொண்டிருந்த காலம் அது. ஒருநாள் என் ஊசி உடைந்து மொனை காணாமல் போனது. தீப்பெட்டி மொனையோடு போய் நின்றேன். அக்கா துண்டுகளை வரிசையாக வைத்தார். பக்கத்தில் ஒரு புது ஊசியை வைத்தார். குனிந்து பார்த்தார்.

"இது பதினாலாம் நம்பர் மொனைங்க அம்மணி. உங்க மெஷின்ல ஓடறது பதினொண்ணு."

"அதெப்படிங்க்கா, என்ற மெஷின்ல இருந்துதான் எடுத்துட்டு வாறேன்" என்று கூசாமல் சொன்னேன்.

அவர் சண்டைக்கு வரவில்லை. எழுந்து வந்து என் மெஷினை நிறுத்தினார். பண்டலைப் பிரித்து, ஒவ்வொரு உருப்படியாகக் காந்தத்தை வைத்துத் தடவினார். என்னால் லைனே நின்றது. சூப்பர்வைசர் கத்தினார். அக்கா காதில் வாங்கவே இல்லை. என் உள்ளங்கை நீளம்கூட இல்லாத ஒரு பேண்ட்டின் இடுப்புப் பட்டியிலிருந்து அந்த மொனை வந்தது. அதை என் கையில் வைத்து, "இடுப்புல குத்தியிருக்குமுங்க" என்றார். பிறகு அதைத் திரும்ப வாங்கிக்கொண்டார். போய் நோட்டில் ஒட்டிவிட்டு, "செரி, ஊசி வாங்கிக்குங்க" என்றார்.

எனக்குப் புத்தி வந்தது என்று எழுதினால் நன்றாக இருக்கும். வரவில்லை. கோபம்தான் வந்தது. நாலு மாதம் அவரோடு பேசாமல் இருந்தேன். ஒரே வேனில் வந்து, ஒரே ஊரில் இறங்கி, அடுத்தடுத்த வீட்டுக்குள் நுழைகிறவர்கள் பேசாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். அக்காவுக்கு அது கஷ்டமாகவே இல்லை. தினமும், "வாறீங்களா அம்மணி, போலாங்களா" என்று கேட்பார். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

வேனிலும் அவர் வேலை எண்ணுவதுதான். எல்லோரும் ஏறிய பிறகு கதவருகே நின்று விரலை நீட்டி நீட்டி எண்ணுவார். "அக்கா, நாங்க என்ன ஊசிங்களா?" என்று தைக்கிற பிள்ளைகள் சிரிப்பார்கள். ஒருநாள் ஒரு ஆள் குறைந்தது. டிரைவர் ஹாரன் அடித்தார். "எவளாவது பஸ்ஸுல போயிருப்பா, உடுங்க்கா" என்று நானே கத்தினேன். அன்றுதான் என் மௌன விரதம் முடிந்தது என்று நினைக்கிறேன்.

"பஸ்ஸுல போனத ஆரு பாத்தீங்க?" என்றார். ஒருத்தரும் பார்க்கவில்லை. இறங்கிப் போய்விட்டார். முக்கால் மணி நேரம் கழித்து, ஒடிசாக்காரப் பெண் ஒருத்தியைத் தோளில் சாய்த்துக் கூட்டி வந்தார். அந்தப் பிள்ளை காய்ச்சலில் துணிக் குடோனில் சுருண்டு படுத்திருக்கிறாள். தெரியாமல் வெளியே பூட்டிவிட்டார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, கம்பெனி லீவு. ஒரு இரவு, ஒரு பகல், மறுபடி ஒரு இரவு. உள்ளேயே கிடந்திருப்பாள். அந்த முக்கால் மணி நேரமும் அக்காவை வைதுகொண்டிருந்தவர்களில் என் வாய்தான் பெரிய வாய். அன்றையிலிருந்து பேச ஆரம்பித்தேன்.

அக்கா வேலையை விட்டுவிட்டுக் குண்டடம் பக்கம் வீட்டுக்காரரின் தோட்டத்துக்குப் போனபோது, தன் கோழிகளை என்னிடம் கொடுத்தார். ஆறு பெட்டை, ஒரு சேவல். அங்கே ஏற்கெனவே கோழி இருக்கிறது, இவற்றைக் கொண்டுபோனால் கொத்திக்கொள்ளும் என்றார். வேலிக்கு இந்தப் பக்கம் ஒவ்வொன்றாகத் தூக்கிக் கொடுத்துக்கொண்டே எண்ணினார். "ஏழுங்க அம்மணி. எண்ணிக்கிட்டீங்களா?"

அதற்குப் பிறகு மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "நல்லா இருக்கறீங்களா? எத்தனைங்க?" இரண்டே கேள்வி. நான் "ஏழுங்க்கா" என்பேன். பிறகு புள்ளிக்கோழியைப் பற்றிப் பத்து நிமிஷம் வைவேன். அந்தப் புள்ளி இருக்கிறதே, ராங்கி பிடித்தது. துளசிச் செடியைக் கிளறும், காயப்போட்ட துணியில் ஏறி நிற்கும், கடைசியாகத்தான் அடையும். மற்றதெல்லாம் ஆறு மணிக்குக் கூட்டுக்குள் போய்விட்டால், இது மட்டும் முருங்கை மரத்தடியில் நின்று என்னைப் பார்க்கும். அக்கா கேட்டுச் சிரிப்பார்.

இந்த வருஷம் எனக்கு ஃப்ளோர் இன்சார்ஜ் வேலை கொடுத்தார்கள். பதினாறு வருஷம் கழித்து. ஆனால் எட்டு மணி வரை இருக்க வேண்டும். என் வீட்டுக்காரருக்கு நிட்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார். கோழி அடைகிற நேரத்தில் வீட்டில் ஆள் இல்லை. பின்பக்கம் காட்டுப்பூனை நடமாட்டம். வேலையை விடுவதா, கோழியை விற்பதா? கோழி என்னுடையதாக இருந்தால் அன்றைக்கே விற்றிருப்பேன்.

யோசித்துக்கொண்டே ஒரு வாரம் ஓட்டினேன். அந்த வாரத்திலேயே நடந்துவிட்டது. ஒருநாள் நான் வருவதற்குள் இரண்டு காணோம். செவலையும் புள்ளியும். காலையில் வேலியோரம் செவலையின் இறக்கையும் ஒரு காலும் கிடந்தன. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். ஆனால் அழுகையை விடப் பயம்தான் அதிகம். அக்காவுக்கு என்ன சொல்வது?

தீப்பெட்டிக்காரி என்ன செய்வாள்? சந்தைக்குப் போய் ஒரு செவலையும் ஒரு புள்ளியும் வாங்கி வந்தேன். ஏழு ஆகிவிட்டது.

பிறகு இரண்டு மூன்று வாரமாகத் தானாக மூடும் கதவு தேடினோம். "ஏழு கோழிக்கு லிப்ட் வெக்கறா பாரு" என்று என் வீட்டுக்காரர் தறிக்காரர் முதல் டீக்கடைக்காரர் வரை சொல்லிச் சிரித்தார். பல்லடம் ரோட்டில் ஒரு பண்ணைச் சாமான் கடைக்குப் போனோம். கடைக்காரர் ஒரு கதவைக் காட்டினார். மணி வைத்துவிட்டால் அந்த மணிக்கு டக்கென்று இறங்கும். நல்ல கனம், நல்ல இரும்பு. "பூனை இல்லீங்க, புலி வந்தாலும் தொறக்காது" என்றார்.

நான் பையிலிருந்து ஒரு முட்டையை எடுத்துக் கதவு இறங்கும் இடத்தில் வைத்தேன்.

"என்னங்கம்மா பண்றீங்க?"

"கோழி நடுவால நின்னா என்ன பண்ணும்னு பாக்கோணுமுங்க."

கதவு இறங்கியது. முட்டை கடைக்காரரின் கண்ணாடி மேஜை மேலெல்லாம் தெறித்தது. என் வீட்டுக்காரர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொண்டே, "ஏம்புள்ள, மானத்த வாங்கறயே" என்றார்.

அடுத்த கடையில் வெளிச்சம் பார்த்து இறங்குகிற கதவு. இருட்டினால் மூடும், விடிந்தால் திறக்கும். மார்கழிக்கு ஒரு மணி, சித்திரைக்கு ஒரு மணி என்று நாம் மாற்ற வேண்டியதில்லை. முட்டையில் பட்டதும் நின்று, மேலே போய்விட்டது. கரண்ட் போனாலும் பேட்டரியில் ஓடும். இதையே வாங்கிவிடலாம் என்றுதான் இருந்தேன். மறுநாள் முதல் ஞாயிற்றுக்கிழமை. போன் வந்தது.

"நல்லா இருக்கறீங்களா? எத்தனைங்க?"

"ஏழுங்க்கா."

"புள்ளி எப்பிடி இருக்குது?"

"இருக்குதுங்க."

 அந்தப் பக்கம் ஆடு கத்துவது கேட்டது.

"அதே ஏழுங்களா, அம்மணி?"

 புள்ளியை ஒரு வார்த்தை வையாமல் விட்டதில் மாட்டிக்கொண்டேன். எல்லாவற்றையும் கொட்டினேன். சந்தைக்குப் போனது, நிறம் பார்த்து வாங்கியது, கதவு, முட்டை, எல்லாம். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"றெக்கை கெடச்சுதுங்களா?" என்றார்.

"செவலையோடது கெடச்சுதுங்க்கா. காலும் கெடந்துச்சு."

"புள்ளியோடது?"

"இல்லீங்க. பூனை தூக்கிட்டுப் போயிருக்குமுங்க."

"தூக்கிட்டுப் போனத ஆரு பாத்தீங்க?"

எனக்கு அந்த வேன் ஞாபகம் வந்தது.

"அதுக்கு முன்னால முட்டை வெச்சுட்டு இருந்துச்சுங்களா?"

"பத்துப் பன்னெண்டு நாளா வெக்கறத நிறுத்தியிருச்சுங்க."

"நிறுத்துச்சுங்களா, உங்க கண்ணுல படலீங்களா?" ஒரு பெருமூச்சு. "கதவு அப்பறம் வாங்கிக்கலாமுங்க. மொதல்ல மெஷின நிறுத்துங்க. உழுந்த எடத்துலயே தேடாதீங்க, தெறிச்ச பக்கம் தேடுங்க."

போனை வைத்ததும் தேடினேன். வேலியை விட்டேன், கிணற்றுப் பக்கத்தை விட்டேன். எங்கள் சுவருக்கு அந்தப்பக்கம் பனியன் வேஸ்ட் போட்டு வைக்கிற கொட்டகை இருக்கிறது. வெட்டிக் கழித்த துணித் துண்டுகள் மூட்டை மூட்டையாகக் கூரை வரைக்கும் கிடக்கும். நைட் ஷிப்ட் முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரரை எழுப்பினேன். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, வைதுகொண்டே சுவரேறிக் குதித்தார். நானும் ஏறினேன்.

மூன்றாவது மூட்டை வாய் கிழிந்து கிடந்தது. உள்ளே மஞ்சளும் ரோஸுமாகத் துணித் துண்டுகளுக்கு நடுவில் புள்ளி உட்கார்ந்திருந்தது. அடை காத்துக்கொண்டு. கையை நீட்டினேன், ரத்தம் வருகிற மாதிரி கொத்தியது. "அடிப்பாவி, அடிப்பாவி" என்று அந்தத் துணி மூட்டை மேலேயே உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன். என் வீட்டுக்காரர் மெதுவாக அடியில் கைவிட்டு எண்ணினார். பதினோரு முட்டை.

எங்கள் புத்திக்கு இது தோன்றவே இல்லை பாருங்கள். மதியத்தில் நான் கம்பெனியில், அவர் தூக்கத்தில். அந்த நேரத்தில் இறங்கி வந்து தின்றுவிட்டு, சத்தமில்லாமல் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு மொனை கிடைத்ததும் இன்னொன்றும் போயிருக்கும் என்று நோட்டை மூடியவள் நான்தான்.

இரண்டு நாளில் ஒன்பது குஞ்சு பொரித்தது. கதவு பற்றிய யோசனை மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. இப்போது என் காதில் அக்காவின் குரல்தான் கேட்டது. கதவு சாத்தும், சரி. உள்ளே எத்தனை என்று அதற்குத் தெரியுமா? மேகம் மூடி, சீக்கிரம் இருட்டி, கோழி வெளியே இருக்கும்போதே இறங்கிவிட்டால்? பூனைக்கு வேலை சுலபம். மூடிய கதவுக்கு முன்னால் கோழி தயாராக நிற்கும். இதைக் கேட்டதும் இரண்டாவது கடைக்காரர் தலையைச் சொறிந்தார். பத்து நாள் கழித்து வேறொரு கதவு வரவழைத்தார். இதுவும் வெளிச்சம் பார்த்து மூடுவதுதான். ஆனால் மூடிப் பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஒருமுறை திறக்கும். வெளியே நின்றது உள்ளே வரட்டும் என்று கொஞ்ச நேரம் விட்டு, பிறகு மூடும். முட்டை வைத்துப் பார்த்தேன். கடைக்காரரே வைத்தார் என்று சொல்ல வேண்டும். வாங்கிவிட்டோம். எண்ணுவது மட்டும் மிச்சம். அதற்கு என் வீட்டுக்காரர் கூட்டின் உள்ளும் வாசலும் முருங்கை மரமும் தெரிகிற மாதிரி எதிரே ஒரு சின்னக் கேமராவை மாட்டினார். லிப்ட் என்று சிரித்தவர்தான். நான் கம்பெனியிலிருந்தே போனில் பார்த்து எண்ணுவேன்.

போன வாரம் மழை. ஷிப்மெண்ட் நாள். ஐந்தே முக்காலுக்கே வானம் கறுத்துவிட்டது. போனைப் பார்த்தால் கதவு இறங்கிக்கொண்டிருக்கிறது. உள்ளே ஏழு. வெளியே முருங்கை மரத்தடியில் புள்ளி, இறக்கைக்கடியில் ஒன்பது குஞ்சுகளோடு. ராங்கிக்காரி கடைசியாகத்தானே வருவாள். கதவு மூடிவிட்டது. நான் இங்கே இருபது கிலோமீட்டர் தள்ளி, கப்பல் ஏற வேண்டிய பெட்டிகளுக்கு நடுவில். என் முகத்தைப் பார்த்து ஓவர்லாக் பிள்ளைகள் இரண்டு பேர் வந்து நின்றார்கள். புள்ளி எழுந்து வந்து மூடிய கதவைப் பார்த்து நின்றது. மழையில் குஞ்சுகள் அதன் காலுக்குள் காலாக நின்றன. பத்து நிமிஷம். என் வாழ்க்கையில் எந்த ஷிப்மெண்ட்டுக்கும் அப்படிக் கடிகாரம் பார்த்ததில்லை.

கதவு ஏறியது. புள்ளி உள்ளே ஏறி, வாசலில் நின்று கூப்பிட்டது. ஒவ்வொன்றாக ஏறின. பக்கத்தில் நின்ற பீகார்ப் பெண் "ஏக், தோ, தீன்" என்று எண்ணினாள். நான் தமிழில் எண்ணினேன். இரண்டு பேருக்கும் குஞ்சு எட்டுதான் வந்தது. கதவு மறுபடி இறங்க ஆரம்பித்தது. அப்போது மரத்தடியிலிருந்து ஒன்பதாவது ஓடி வந்தது. நேராகக் கதவுக்கடியில் போய் நின்றது. நான் போனைப் பிடித்துக்கொண்டே "நில்லு, நில்லு" என்று கத்தினேன். கதவு அதன் முதுகைத் தொட்டது. நின்றது. மேலே ஏறியது. குஞ்சு உள்ளே போய்விட்டது. எங்கள் லைனே கை தட்டியது. நான் பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டேன்.

உடனே அக்காவுக்குப் போன் போட்டேன். "ஞாயித்துக்கெழமை இல்லீங்களே, என்னாச்சுங்க?" என்று பதறினார். சொன்னேன். முழுவதையும் கேட்டார்.

"இருங்க அம்மணி, நோட்ட எடுத்துக்கறேன்."

"எந்த நோட்டுங்க்கா?"

"உங்க கோழி நோட்டுத்தானுங்க." பக்கம் புரளும் சத்தம் கேட்டது. "செவலை, றெக்கை கெடச்சுது. அது முடிஞ்சுது. புள்ளி, முழுசா கெடச்சுது. அதுவும் முடிஞ்சுது. கூட ரெண்டு இருக்குதே, அது ஆரோடதுங்க?"

"என்றதுங்க்கா. சந்தையில வாங்குனது."

"அப்ப உங்க பேர்லயே எழுதிக்கறேன். ஆக, பெருசு எட்டு. குஞ்சு ஒம்போது. எண்ணுனது ஆருங்க, கதவுங்களா?"

"நானுங்க்கா. ரெண்டு தடவை எண்ணுனேன்."

எழுதி முடிக்கும் வரை காத்திருந்தேன். ஏனென்று தெரியாமல் எழுந்து நேராக நின்றுகொண்டேன், கம்பி வலைக்கு முன்னால் நிற்பதுபோல.

"செரி" என்றார் அக்கா. "ஊசி வாங்கிக்குங்க."